கூப்பனும் உடுப்பும்: பிரித்தானியாவின் ஆடைப் பங்கீடு, 1941–1949

உடை பற்றிய வரலாறு நீண்ட காலமாக அரசவைகளின் வரலாறாகவும், பின்னர் நவநாகரிக உடை வடிவமைப்பாளரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் எதனை உடுத்தனர் என்பதை ஓவியங்களும் புகைப்படங்களும் காட்டிவிடுகின்றன. ஓர் உடுப்பு எத்தனை ஆண்டுகள் உழைத்தது, கிழிந்தபோது அதனைத் தைத்தவர் யார், அது தேய்ந்தபின் எந்தப் பிள்ளையின் சட்டையாக மாறியது ஆகியன அவ்வளவு எளிதாகப் புலப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கு விரிவான விடை கிடைக்கும் அரிய சந்தர்ப்பங்களுள் ஒன்று, இரண்டாம் உலகப்போரின்போதும் அதன் பின்னரும் பிரித்தானியாவில் நடைமுறையிலிருந்த ஆடைப் பங்கீடாகும். ஒரு நாட்டின் குடிமக்கள் அனைவரும் குறைவாக வாங்கவும், நீண்டகாலம் உழைக்கக்கூடியதைத் தெரிவுசெய்யவும், உள்ளதைப் பேணவும் கடமைப்பட்டிருந்த எட்டு ஆண்டுகள் அவை. சிக்கனம், பேணுகை என்பன தனிமனிதரின் நற்பண்புகளாகவே பொதுவாகப் பேசப்படுகின்றன. அவை ஒரு சமூகம் முழுவதற்கும் உரியனவாவதற்கு எவ்வகையான ஏற்பாடுகள் தேவைப்பட்டன என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

போருக்கு முந்திய நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். நல்ல கம்பளித் துணியில் அளவெடுத்துத் தைத்த கோட்டும் காற்சட்டையும் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்தன. அவற்றை வாங்கக்கூடியவர் வசதிபடைத்தோரே. தொழிலாளர் குடும்பங்கள் மலிவான ஆயத்த உடைகளைத் தவணை முறையில் வாங்கின. அவை விரைவில் நைந்தன. கடன் தீருமுன்னரே அடுத்த உடைக்குக் கடன்பட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அணிந்த ஒரே நல்ல உடையைத் திங்கட்கிழமை அடகுவைத்து, சனிக்கிழமை கூலி கிடைத்ததும் மீட்டெடுக்கும் வழக்கம் தொழில் நகரங்களிற் பரவலாக இருந்தது. ஏழை மலிந்ததை வாங்குவதாலேயே அதிகம் செலவிடுகின்றான் என்ற முரண்பாட்டை, றொபேட் ட்றெஸ்ஸெல் எழுதி 1914இல் வெளிவந்த தொழிலாளர் நாவல் முன்னரே எடுத்துக்காட்டியிருந்தது.

இவ்விடத்தில் ஒரு சொல்லின் கதை குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் தரங்குறைந்த எதனையும் குறிக்க வழங்கும் ‘ஷொடி’ என்ற சொல், முதலில் ஒரு வகைத் துணியின் பெயராகவே இருந்தது. யோக்‌ஷயரின் பற்லி நகரைச் சேர்ந்த பென்ஜமின் லோ, 1813ஆம் ஆண்டளவில், கந்தற் கம்பளியைப் பிய்த்து இழையாக்கி, புதுக் கம்பளியுடன் கலந்து மீண்டும் நூற்கும் முறையை உருவாக்கினார். அதனால் பற்லியும் டியூஸ்பரியும் பெரும் தொழில் நகரங்களாயின. பழந்துணிக்கு மறுவாழ்வளித்த ஒரு கண்டுபிடிப்பின் பெயர் காலப்போக்கில் இழிசொல்லாயிற்று. பியக்கப்பட்ட கம்பளியின் இழை குறுகியது. குறுகிய இழையின் துணி எளிதில் நையும். அத்துணியை அணிய நேர்ந்தோர் ஏழைகள் என்பதும் அச்சொல்லின் வீழ்ச்சிக்கு ஓரளவு காரணமாயிருந்திருக்கலாம்.

1939இல் போர் மூண்டதும் துணி ஒரு போர்ப்பொருளாயிற்று. படைவீரரின் சீருடைக்கும் போர்வைக்கும் கம்பளி வேண்டியிருந்தது; பரசூட்டுக்குப் பட்டு வேண்டியிருந்தது. பருத்தியும் கம்பளியும் கடல்கடந்தே வரவேண்டும். கப்பல்களோ யேர்மனிய நீர்மூழ்கிகளுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. ஆலைகளின் இடமும் ஆலைத் தொழிலாளரின் உழைப்பும் போர்த்தளபாட உற்பத்திக்குத் தேவைப்பட்டன. 1940 ஒற்றோபரில் நடைமுறைக்கு வந்த கொள்வனவு வரியும் சேர்ந்துகொள்ள, உடுப்பின் விலை ஏறியது. விலையேற்றத்தைத் தன்போக்கில் விட்டிருந்தால் அதுவே ஒரு பங்கீடாக அமைந்திருக்கும். பணம் உள்ளவர் உடுத்தியிருப்பர், இல்லாதவர் கந்தலோடு இருந்திருப்பர்.

வர்த்தகச் சபையின் தலைவராக இருந்த ஒலிவர் லிற்றில்ரன் 1941 யூன் 1ஆம் திகதி காலை வானொலியில் ஆடைப் பங்கீட்டை அறிவித்தார். அந்நாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு, மறுநாளும் விடுமுறை. கடைகள் மூடியிருந்தமையால் முந்திக்கொண்டு வாங்கிக் குவிக்க எவருக்கும் வாய்ப்பிருக்கவில்லை. திட்டம் வெளியே கசிந்துவிடக்கூடாது என்பதற்காக ஆடைக்கெனத் தனிக் கூப்பன் புத்தகம் முன்கூட்டி அச்சிடப்படவில்லை. ஏற்கெனவே மக்கள் கையிலிருந்த உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தில் மார்ஜரினுக்கென ஒதுக்கப்பட்டுப் பயன்படாதிருந்த கூப்பன்களே முதலில் ஆடைக் கூப்பன்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. பிரதமர் சேர்ச்சிலுக்கு இத்திட்டம் சிறிதும் பிடிக்கவில்லை என்றும், மக்களைக் கந்தலணியச் செய்வதாக அவர் அதனை எதிர்த்தார் என்றும், பிஸ்மார்க் போர்க்கப்பலைத் துரத்தும் பரபரப்பில் மூழ்கியிருந்த வேளையிலேயே அவர் இணங்கினார் என்றும் லிற்றில்ரன் பின்னாளில் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

இலங்கையில் ‘கூப்பன்’ என்ற சொல் 1942இல் தொடங்கிய அரிசிப் பங்கீட்டோடு ஒட்டிக்கொண்டது. அரிசிக் கூப்பன் ஒரே பொருளை இத்தனை கொத்து என அளந்து கொடுத்தது. ஆடைக் கூப்பனின் இயல்பு வேறு. முதலாண்டில் ஒவ்வொருவருக்கும் 66 கூப்பன்கள் வழங்கப்பட்டன. எதனை வாங்குவது என்பது அவரவர் தெரிவுக்கு விடப்பட்டது. ஆணின் கம்பளிக் கோட்டுக்கு 13, காற்சட்டைக்கு 8, உட்கோட்டுக்கு 5 என முழு உடைக்கு 26 கூப்பன்கள் தேவைப்பட்டன. பருத்திச் சட்டைக்கு 5, சப்பாத்துக்கு 7, கழுத்துப் பட்டிக்கு 1. பெண்ணின் கம்பளி உடைக்கு 11, பருத்தி உடைக்கு 7, சப்பாத்துக்கு 5, ஒரு சோடி நீள்காலுறைக்கு 2. சிறுவரின் உடைகளுக்குக் குறைந்த எண்ணிக்கை விதிக்கப்பட்டது. துணியாக வாங்கின், 36 அங்குல அகலமுள்ள கம்பளித் துணி ஒரு யாருக்கு 3 கூப்பன்கள். ஓர் ஆண் முழு உடை, சட்டை, சப்பாத்து ஆகியவற்றை வாங்கினால் 38 கூப்பன்கள் தீர்ந்துவிடும். எஞ்சிய 28இல் உள்ளாடையும் காலுறையும் மேற்கோட்டும் அடங்கவேண்டும். கடைக்காரர் பெற்ற கூப்பன்களை மொத்த வியாபாரியிடமும், அவர் உற்பத்தியாளரிடமும் கொடுத்தே புதுச் சரக்கைப் பெற முடிந்தது. இவ்வாறு கூப்பன், வங்கிக் கணக்குகளில் வைக்கப்படும் இரண்டாவது நாணயமாகவே மாறியது.

கூப்பன் பொருளின் வகையை மட்டுமே நோக்கியது. விலையையோ தரத்தையோ நோக்கவில்லை. ஓராண்டில் நைந்துவிடும் மலிவான கோட்டுக்கும் பத்தாண்டு உழைக்கும் விலையுயர்ந்த கோட்டுக்கும் அதே 13 கூப்பன்களே. பணம் மட்டுமே அளவுகோலாக இருந்த காலத்தில், மூன்று மலிவான உடைகளா, ஒரு நல்ல உடையா என்ற தெரிவு வாங்குவோருக்கு இருந்தது. கூப்பன் வந்தபின், மலிவானதை வாங்குவது கூப்பனை வீணாக்குவதாயிற்று. தையலைப் புறம்புரட்டிப் பார்ப்பதும், துணியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்ப்பதும், மடிப்பு ஓரத்தில் எவ்வளவு துணி விடப்பட்டுள்ளது என அளந்து பார்ப்பதும் அறிவார்ந்த நடத்தையாயின.

ஆயினும் அவ்வறிவின் பயனை அனுபவிக்கப் பணமும் வேண்டியிருந்தது. செல்வரின் பெட்டிகள் போருக்கு முன்னரே நிறைந்திருந்தன; அவர்கள் தமது 66 கூப்பன்களையும் மிகச் சிறந்தவற்றில் இட்டனர். ஏழை அதே 66 கூப்பன்களைக் கொடுத்து, விரைவில் நையும் பொருட்களையே பெற்றார். ஆண்டு முடியுமுன் உடுப்பும் இல்லை, கூப்பனும் இல்லை. கூப்பனை விற்றுக் காசாக்கிய வறியோரும், அதனை வாங்கிய வசதிபடைத்தோரும் இருந்தனர். அது சட்டவிரோதம் எனினும் அடங்கவில்லை. உற்பத்தியாளரும் கூடிய இலாபம் தரும் விலையுயர்ந்த பொருட்களின் பக்கமே சாய்ந்தனர். சமத்துவத்தை நோக்கமாகக் கொண்ட திட்டம், தரத்தைத் தீண்டாது விட்டமையால், பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய வடிவில் நிலைநிறுத்தும் அபாயம் எழுந்தது.

இதற்கு விடையாக அமைந்ததே, 1941இல் தொடங்கி அடுத்த ஆண்டில் முழு வடிவம் பெற்ற ‘யூற்றிலிற்றி’ ஆடைத் திட்டம். துணியின் இழைவகை, சதுர யாருக்கான நிறை முதலியவற்றை வரையறுக்கும் கட்டளைகளை அரசு வகுத்தது. ஒவ்வொரு துணிக்கும் ஓர் இலக்கம் தரப்பட்டது. அத்துணியில் தைத்த உடையின் உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது. 1942இல் கொள்வனவு வரியிலிருந்து அவ்வுடைகள் விலக்களிக்கப்பட்டன. றெஜினோல்ட் ஷிப் வரைந்த, வெட்டப்பட்ட இரு வட்டங்களையும் 41 என்ற எண்ணையும் கொண்ட குறி அவற்றிற் பொறிக்கப்பட்டது. பாற்கட்டித் துண்டுகளை ஒத்திருந்தமையால் மக்கள் அதனைப் ‘பாற்கட்டிகள்’ என்றே அழைத்தனர். காலப்போக்கில் உள்நாட்டு மக்களுக்கான துணியுற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இத்திட்டத்தின்கீழ் வந்தது. தொழிலாளியின் மனைவி, துணியைச் சோதிக்கும் திறனோ கூடிய விலை கொடுக்கும் வசதியோ இன்றி, குறியைப் பார்த்தே ஓரளவு தரமானதை வாங்கக்கூடியதாயிற்று. யூற்றிலிற்றி உடைகள் அனைத்தும் சிறந்தவை எனக் கூறுவதற்கில்லை. குறைபாடுகள் பற்றிய முறைப்பாடுகள் உண்டு. எனினும் வறியோர் அதுவரை அணிந்தவற்றுடன் ஒப்பிடுகையில் அவை முன்னேற்றமே எனல் தவறாகாது.

அரசு வழங்கும் உடை சீருடைபோல் இருக்கும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அதனைப் போக்க, 1942இல் அமைக்கப்பட்ட இலண்டன் நவநாகரிக வடிவமைப்பாளர் சங்கத்தினரிடம் மாதிரிகள் கோரப்பட்டன. நோர்மன் ஹாட்னெல், ஹாடி ஏமிஸ், டிக்பி மோட்டன் முதலியோர் செல்வச் சீமாட்டிகளுக்குத் தைத்த கையால் ஆலைத் தொழிலாளிக்கான கோட்டை வரைந்தனர். அம்மாதிரிகள் இன்றும் இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் உள்ளன. மறுபுறம், 1942இன் ‘சிக்கன’ விதிகள் வெட்டையும் தையலையும் கட்டுப்படுத்தின. பெண்களின் உடையில் இரண்டு பைகளுக்கும் ஐந்து பொத்தான்களுக்கும் மேல் கூடாது. பாவாடை மடிப்புகளுக்கும் எண்ணிக்கை விதிக்கப்பட்டது. அலங்காரப் பூவேலை தடைசெய்யப்பட்டது. ஆண்களின் இருவரிசைப் பொத்தான் கோட்டும் காற்சட்டைக் காலின் வெளிமடிப்பும் தடைசெய்யப்பட்டன. மற்றவற்றைப் பொறுத்துக்கொண்ட ஆண்கள் இவ்வெளிமடிப்பை இழக்கமாட்டோம் எனக் கொதித்தெழுந்தது வியப்புக்குரியது. பலர் வேண்டுமென்றே நீளம் கூடிய காற்சட்டையை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டனர். அப்போதைய வர்த்தகச் சபைத் தலைவர் ஹியூ டோல்ரன் விதியை நியாயப்படுத்த நேர்ந்தது. 1944இன் தொடக்கத்தில் ஆண்களின் உடை மீதான சிக்கன விதிகள் நீக்கப்பட்டன.

வாங்குவதை இவ்வாறு ஒழுங்குபடுத்திய அரசு, வாங்கியதைப் பேணுவதையும் தன் பணியாகக் கொண்டது. 1942இல் தொடங்கிய ‘உள்ளதைச் சரிசெய்து பயன்படுத்துக’ என்ற இயக்கத்தின் சிறுநூலை 1943இல் தகவல் அமைச்சு வெளியிட்டது. ‘திருமதி தையல்’ எனத்தக்க ஒரு பொம்மைப் பாத்திரம் விளம்பரங்களில் தோன்றியது. சிறுநூலின் அறிவுரைகள் மிக நுணுக்கமானவை. உடையை மாட்டும்போது பொத்தான்களைப் பூட்டிவிட்டால் அதன் உருவம் குலையாது. அழுக்கு ஊறுமுன்னரே துவைத்தால் துணியைத் தேய்க்கவேண்டியதில்லை. கம்பளியை இளஞ்சூட்டு நீரில் பிழிந்து, தட்டையாகப் பரப்பி உலரவிட வேண்டும். அந்துப்பூச்சிக்கு அச்சுமை பிடிக்காது. ஆதலால் கம்பளியைச் செய்தித்தாளிற் சுற்றிவைக்கலாம். நனைந்த சப்பாத்தினுள் தாளை அடைத்து, நெருப்பினின்று விலக்கி உலர்த்த வேண்டும். துளை விழும்வரை காத்திராது, இழை மெலிந்த இடத்திலேயே ஊசியால் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்ட வேண்டும்.

மறுவாழ்வளிக்கும் முறைகள் இன்னும் சுவையானவை. நைந்த கம்பளிப் பின்னற் சட்டையைப் பிரித்து, நூலைச் சுற்றிக் கழுவி, சுருக்கம் நீக்கி மீண்டும் பின்னினர். தந்தையின் முழங்காற் காற்சட்டையிலிருந்து பாடசாலைச் சிறுவனுக்கு இரண்டு அரைக்காற்சட்டைகள் வெட்டினர். நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் நடுவில் வருமாறு இணைத்தனர். தேய்ந்த கழுத்துப் பட்டையைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்தனர். போர்வை மேற்கோட்டாகவும் தொப்பி வீட்டுச் செருப்பாகவும் மாறின. இவையனைத்துக்கும் அடிப்படையான ஒரு நிபந்தனை உண்டு: முதல் துணி தரமானதாக இருத்தல் வேண்டும். குறுகிய இழைக் கம்பளியைப் பிரித்தால் நூல் அறும். மடிப்பு ஓரத்தில் துணி விடாது தைத்த உடையை அகலிக்க இயலாது. பேணுகை வீட்டில் தொடங்குவதன்று, நெசவாலையில் தொடங்குவது என்பதை யூற்றிலிற்றித் திட்டத்தின் கட்டளைகள் உணர்ந்திருந்தன.

பேணுதற்கு வேண்டிய பொருட்களும் அருகின. 1942 பெப்ரவரியில் சவர்க்காரமும் பங்கீட்டின்கீழ் வந்தது. அதே மாதத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா இறப்பர் யப்பானியர் கைக்குச் சென்றதோடு உள்ளாடைகளுக்கான இலாஸ்ரிக் கிடைப்பது அரிதாயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மையான மூலமாக அப்போது இலங்கையே விளங்கியது. மலையகத் தமிழ்த் தொழிலாளரைப் பெருமளவில் உள்ளடக்கிய தோட்டங்களில், மரத்தின் பிற்கால வாழ்வைப் பொருட்படுத்தாது பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. இங்கிலாந்தின் வீடுகளில் பழைய இலாஸ்ரிக்கின் ஆயுளை நீட்டும் அறிவுரைகள் படிக்கப்பட்ட ஆண்டுகளில், இங்கே மரங்களின் ஆயுள் குறுக்கப்பட்டது. இவ்விணைப்பை எடுத்துரைக்கும் உடை வரலாற்று நூல்கள் அரிது.

அறிவுரைகளை எல்லா வகுப்பினரும் ஒரேவிதமாக ஏற்றனர் எனக் கொள்வது தவறு. வறிய வீடுகளின் பெண்களுக்கு ஒட்டுப்போடுதல் புதுப்பாடமன்று. தலைமுறைகளாகச் செய்து வந்ததையே அரசு இப்போது துண்டுப்பிரசுரமாக நீட்டியது. புதிதாகக் கற்கவேண்டியிருந்தோர், அதுவரை பணிப்பெண்களையும் தையற்காரியையும் நம்பியிருந்த நடுத்தர வகுப்பினரே. ஒட்டுப்போட்ட முழங்கை வெட்கத்தின் அடையாளமாகாது, நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று என்று விளம்பரங்கள் கூறின. மாற்றுடை பல வைத்திருப்போர்க்கு அவ்வாறு உணர்வது எளிது. மேலும், சீர்செய்யும் வேலை முழுவதும் பெண்கள் மீதே விழுந்தது. பகலில் தளபாட ஆலையில் உழைத்து, வரிசையில் நின்று உணவு வாங்கி, பிள்ளைகளைப் பராமரித்தபின், இருட்டடைப்புத் திரைகளின் பின்னே இரவில் ஊசியெடுத்தோர் அவர்கள். ஒரு கோட்டின் ஆயுளை ஐந்தாண்டு நீட்டிய அவ்வுழைப்பு நாட்டின் எந்த வருமானக் கணக்கிலும் இடம்பெறவில்லை.

கூட்டு முயற்சிகள் இச்சுமையைச் சிறிது தணித்தன. பெண்கள் தன்னார்வச் சேவையினர் சிறுவர் உடைப் பரிமாற்ற நிலையங்களை நடத்தினர். பிள்ளை வளர்ந்ததும் சிறுத்துப்போன கோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, பெரியதொன்றைக் கூப்பனின்றிப் பெற்றுச் செல்லலாம். உள்ளூராட்சி மன்றங்களின் மாலை வகுப்புகளில் தையல் கற்பிக்கப்பட்டது. குறித்த உச்ச விலைக்குட்பட்ட பழைய உடைகளுக்குக் கூப்பன் தேவைப்படாமையால், பழைய உடைக் கடைகள் முன்னர் அங்கு கால்வைத்திராதோரையும் ஈர்த்தன.

போர் முடிந்தபின் நிலை சீரடையும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 1945 செப்ரெம்பர் முதல் 1946 ஏப்ரல் வரையான எட்டு மாதங்களுக்கு வழங்கப்பட்டவை 24 கூப்பன்களே; மாதத்திற்கு மூன்று. படையினின்று விடுவிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோருக்கு உடை வேண்டியிருந்தது. கடனை அடைக்க ஏற்றுமதி வேண்டியிருந்தது. போர்க்கால உற்சாகம் தணிந்த பின்னரும் தொடர்ந்த தட்டுப்பாடு கசப்பையே வளர்த்தது. 1947 பெப்ரவரி 12ஆம் திகதி பாரிஸ் நகரில் கிறிஸ்தியன் டியோர் தமது முதற்றொகுதியை வெளியிட்டார். ஒடுங்கிய இடையும், யார் கணக்கில் துணியை விழுங்கும் அகன்ற நீண்ட பாவாடையும் அதன் அடையாளங்கள். வர்த்தகச் சபைத் தலைவர் ஸ்ரபோர்ட் கிறிப்ஸ் அதனை விரயமெனக் கண்டித்தார். பெண்கள் செவிசாய்க்கவில்லை, இருட்டடைப்புத் திரைத்துணியை இணைத்தேனும் பாவாடையை நீட்டினர். போர்க்காலத்திற் கற்ற மறுதையல் திறமை, சிக்கனத்தை மீறுவதற்கே கருவியாயிற்று. அதனை நன்றிகெட்ட செயலெனக் கருதுவோர், எட்டு ஆண்டுகளாக ஒரே கோட்டைத் திருப்பித் திருப்பித் தைத்தவரின் மனநிலையை அறியாதோரே.

ஆடைப் பங்கீடு 1949 மார்ச் 15ஆம் திகதி நீக்கப்பட்டது. அதனை நீக்கிய வர்த்தகச் சபைத் தலைவர் ஹரோல்ட் வில்சன், பின்னாளில் பிரதமரானவர். கூப்பன் மறைந்ததோடு பேணும் பழக்கமும் உடனே மறைந்துவிடவில்லை. அத்தலைமுறைப் பெண்கள் பழைய பொத்தான்களைத் தகரப் பேணியில் சேர்க்கும் வழக்கத்தை வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை. அவர்களின் மக்களிடம் அப்பழக்கம் தொடர்வதற்கான புறக்காரணங்கள்தாம் குறைந்துகொண்டே வந்தன.

யூற்றிலிற்றிக் குறி மேலும் மூன்றாண்டுகள் நீடித்து, 1952இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த வரிமுறை, ஒவ்வொரு வகை உடைக்கும் ஒரு விலையெல்லையை வகுத்தது. அவ்வெல்லைக்கு உட்பட்டவற்றுக்குக் கொள்வனவு வரி இல்லை. எல்லையைக் கடந்த தொகைக்கே வரி அறவிடப்பட்டது. வரிவிலக்குப் பெற, துணியின் நிறையையோ இழையையோ இனி எவரும் அளந்துபார்க்க வேண்டியிருக்கவில்லை. விலை குறைவாக இருந்தாலே போதுமாயிற்று.